எட்டாவது பலகை

நவம்பர் 4
சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட மாட்டாராம். காலையிலிருந்து மூன்று பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

நவம்பர் 5
இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கண்காட்சியின் எட்டாவது விளக்கப் பலகைக்கான மொழிபெயர்ப்பை முடித்தேன். 'பாஸியர்ஷைன்': இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் ஜெர்மன் சிப்பாய்களுக்காகக் கொட்டிய வழிவிடும் சீட்டு. துண்டுப் பிரசுரம் என்று சொல்ல மனம் வரவில்லை, பங்குப் பத்திரம் மாதிரி இருக்கிறது. ஓரமெல்லாம் வேலைப்பாடு, அமெரிக்க பிரிட்டிஷ் முத்திரைகள், கீழே ஐசனோவர் கையெழுத்து. வாசகம் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும். இவனிடம் ஆயுதத்தை வாங்கிக்கொள், நன்றாக நடத்து, சாப்பாடும் சிகிச்சையும் கொடு, ஆபத்தான இடத்திலிருந்து சீக்கிரம் அப்புறப்படுத்து. ஆங்கிலப் பாதி எதிரே துப்பாக்கியோடு நிற்பவனுக்கு. கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் உயிரோடு போய்ச் சேர்வது, அவனால் படிக்க முடியாத அந்தப் பாதியை நம்பித்தான்.

அப்பாவின் சம்மதப் படிவத்தில் எல்லாப் பாதியும் அப்படித்தான்.

நவம்பர் 6
தூங்கினார். நானும்.

நவம்பர் 8
ஒரே சொல்லில் அரை நாள் போய்விட்டது. பசிபிக் போர்முனையில் ஜப்பானியர்களுக்குப் போட்ட சீட்டுகளில் முதலில் 'நான் சரணடைகிறேன்' என்றிருந்தது. அந்தச் சொல்லே அவமானம் என்று தெரிந்த பிறகு 'நான் எதிர்ப்பை நிறுத்திக்கொள்கிறேன்' என்று மாற்றினார்கள். தமிழில் 'சரண்' என்றாலே காலில் விழுவது கூடவே வந்துவிடுகிறது. 'போரிடுவதை விடுகிறேன்' என்று போட்டிருக்கிறேன். சரியா தெரியவில்லை.

அண்ணன் அப்பாவிடம் 'சம்மதிங்கப்பா' என்கிறான். அந்தச் சொல்லை விடச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 9
"எல்லாரும் ஒரே மாதிரி பேசுறீங்கடா. அதான் சந்தேகமா இருக்கு." இன்று அப்பா பேசியது இது மட்டும்.

நவம்பர் 10
ஜப்பானிய ராணுவ அதிகாரி ஓனோடாவை விட்டு வெளியே வர முடியவில்லை. பலகையில் அவருக்கு நாலு வரிதான். பிலிப்பைன்ஸின் லூபாங் தீவுக் காட்டில் இருந்தவருக்கு 1945லேயே தாள் விழுந்தது. போர் முடிந்தது, மலையிலிருந்து இறங்கி வாருங்கள் என்று. தளபதி யமாஷிதாவின் பெயரிலும் உத்தரவு வந்தது. கூட இருந்தவர்களோடு சேர்ந்து படித்துப் பார்த்துவிட்டு, எதிரியின் தந்திரம் என்று முடிவு கட்டினார். 1952இல் வீட்டார் எழுதிய கடிதங்களும் குடும்பப் படங்களும் வானத்திலிருந்து விழுந்தன. அதையும் நம்பவில்லை. முட்டாள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் போலித் தாள் போடுவது எதிரியின் வழக்கம் என்பதும் உண்மைதானே? 1974 மார்ச்சில், அவருக்கு உத்தரவிட்ட தானிகுச்சி நேரில் வந்து சொன்ன பிறகே துப்பாக்கியைக் கீழே வைத்தார். தானிகுச்சி அப்போது புத்தக வியாபாரி.

அப்பாவுக்கு தானிகுச்சி யார்?

நவம்பர் 11
பழைய டாக்டர்! ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாயிற்று. போன் எடுக்கவில்லை.

நவம்பர் 12
எடுக்கவில்லை.

கொரியப் போரில், சோவியத் தயாரிப்பான மிக்-15 போர் விமானத்தோடு தங்கள் பக்கம் முதலில் வரும் விமானிக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கர்கள் தாள் போட்டார்கள். 1953 செப்டம்பரில் வட கொரிய விமானி நோ கும்-சோக் விமானத்தோடு வந்து இறங்கினார். அந்தத் தாளைப் பற்றித் தனக்குத் தெரியவே தெரியாது என்றார். பணம் கிடைத்தது. நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

நவம்பர் 13
வளைகுடாப் போர், 1991. சுமார் 2.9 கோடித் தாள்கள். இந்த இடத்தில் குண்டு போடப் போகிறோம், விலகிப் போங்கள் என்று முதல் தாள். சொன்னபடியே பி-52 குண்டுவீச்சு விமானம் வந்தது. அப்புறம் விழுந்த தாளை இராக்கியர்கள் வேறு மாதிரி படித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் வீக்கம் கூடும் என்று இங்கே இருக்கும் சின்ன டாக்டர் சொல்லியிருந்தார். கூடிவிட்டது. இன்று அவர் வந்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இரவு 9: பழைய டாக்டரே கூப்பிட்டார்.

நவம்பர் 14
நாலு மணிக்கு வருகிறாராம். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, சவரம் செய்துவிடச் சொன்னார்.