தோளுக்கு மேலே பார்: திருவான்மியூரிலிருந்து 200 கிலோமீட்டர்

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. கோவளம் தாண்டி வடநெம்மேலிக்கு முன்னால், சென்னையிலிருந்து வரும் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்தில் உட்கார்ந்து முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் எனக்காக சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், ஏனென்றால் தப்பு முழுக்க என்னுடையது.

நடந்தது இதுதான். எனக்கு முன்னால் போன அக்காவின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தேன். ஒட்டி என்றால் நேர் பின்னால் இல்லை. என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் நுழைந்திருந்தது. அவர் ஒரு பள்ளத்துக்காக லேசாக ஒதுங்கினார். ரப்பரும் ரப்பரும் உரசிய 'விர்ர்' சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. இப்படி உரசினால் முன்னால் போகிறவருக்கு யாரோ லேசாகத் தட்டியதுபோல இருக்கும், அவ்வளவுதான். பின்னால் வருகிறவருக்கு ஹேண்டில்பார் கையை விட்டே போய்விடும். விழுவது எப்போதும் பின்னால் இருப்பவர்தான்.

எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 63 வயது. எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, வளைந்திருந்த பிரேக் லீவரைக் கையாலேயே நிமிர்த்தினார். அப்புறம் சொன்னார்: "கால் நல்லா இருக்கும்மா. கண்ணுதான் ரொம்பக் கிட்டத்துல பாக்குது. சக்கரத்தையே பாக்காத. முன்னாடி போறவங்க தோளுக்கு மேல பாரு."

எனக்கு அப்போது சைக்கிள் வாங்கி ஒன்பது மாதம். ஜனவரி கடைசியில் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். கேள்விப்படாதவர்களுக்கு: பி.ஆர்.எம். என்பது பந்தயம் இல்லை, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட சைக்கிள் பயணம். பாரிஸில் இருக்கும் ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் உலகம் முழுக்க இதற்கு விதிமுறை வகுத்து வைத்திருக்கிறது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ரேண்டனியர் என்று பட்டம். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். வழியில் குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய் அதில் முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடமென்றால் ஏ.டி.எம். சீட்டே சாட்சி. பின்னால் கார் வைத்துக்கொண்டு தண்ணீர், பழம் என்று வாங்கிக்கொள்ளக் கூடாது. உன் பஞ்சரை நீதான் ஒட்ட வேண்டும்.

இந்த ஆட்டத்துக்கெல்லாம் தாய்வீடு பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1891-இல் தொடங்கியது, 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை. சார் 2019-இல் போனார். திரும்பி வரும் வழியில் லூடேயாக் என்ற ஊரில், ராத்திரிக் குளிர் தாங்காமல் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் படுத்தவர் எழுந்து மீதியை ஓட்டவில்லை. "ஆகஸ்ட் மாசம்தானேன்னு நம்ம ஊரு மாதிரி நெனச்சுப் போயிட்டேன்" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் எதுவும் இருக்காது. எனக்கு அது பிடித்திருந்தது.

பயிற்சியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நீளமாக: 60, 80, 100, ஒரே ஒரு தடவை 130. கடைசி வாரம் கிட்டத்தட்ட ஓய்வு. பெடலை ஒரு நிமிடத்துக்கு 85, 90 சுற்று வீதம் லேசான கியரில் சுற்றப் பழகினேன். கனமான கியரை அழுத்தி மிதித்தால் அன்றைக்கு வீரம், மறுநாள் முழங்கால் வலி. டிசம்பர் மழையில் மூன்று ஞாயிறு போயே போய்விட்டது. அந்த நாட்களில் ஹாலில் உட்கார்ந்து டியூப் மாற்றிப் பழகினேன். முதல் தடவை 40 நிமிடம். என் மகன் மொபைலில் நேரம் குறித்துக்கொண்டு சிரித்தான். ஐந்தாவது தடவை 12 நிமிடம்.

சாப்பாடுதான் பெரிய பாடம். மணிக்கு ஒருமுறை, பசிக்கிறதோ இல்லையோ, ஏதாவது உள்ளே போக வேண்டும். விலை கொடுத்து வாங்கிய ஜெல் எனக்குக் குமட்டியது. கடலைமிட்டாய், வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, இவை போதும் என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யாரும் வெளியே சொல்வதில்லை: பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசருக்கு உள்ளே வேறு எதுவும் அணியக் கூடாது. முதல் 60 கிலோமீட்டர் முடிந்து இரண்டு நாள் அலுவலகத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்த பிறகுதான் ஒரு அக்கா காதோடு காதாகச் சொன்னார். தேங்காய் எண்ணெயும் அவர் யோசனைதான்.

ஆனால் காலையும் வயிற்றையும் தயார் பண்ணியவளுக்கு, கூட்டத்தோடு ஓட்டத் தெரியவில்லை. விழுந்த பிறகுதான் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் காற்று முகத்தில் அடிக்காது. மூன்றில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகும் என்கிறார்கள். எதிர்க்காற்றில் அது உடம்புக்கே தெரியும். அந்த மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு: முன்னால் இருப்பவர் உனக்குக் கண், நீ அவரை நம்பியாக வேண்டும். அதனால் முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. பள்ளம் வந்தால் விரலை நீட்டிக் காட்டுவார். வேகத்தடை என்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டுவார். நின்றிருக்கும் லாரியைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து விலகச் சொல்வார். கடைசியில் இருப்பவர் "பஸ்ஸு!" என்று கத்துவார், கேட்டவர்கள் ஒவ்வொருவராக அதை முன்னுக்குக் கடத்துவார்கள். மாடு, நாய், மணல் எல்லாவற்றுக்கும் வாய்தான்.

நான் கொஞ்சமும் உணராமல் செய்துகொண்டிருந்த இன்னொரு தப்பும் இருந்தது. என் முறை வந்து முன்னால் போகும்போதெல்லாம் என் பலத்தைக் காட்டவேண்டும் என்று வேகத்தைக் கூட்டிவிடுவேன். மணிக்கு 26 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்த கூட்டம் 30-க்கு ஏறும். கடைசியில் இருப்பவர் ரப்பர்போல இழுபட்டு அறுந்துபோவார். சார் ஒரு நாள் கேட்டார், "எங்கம்மா அவசரம், டிபனுக்கா?" அதற்கப்புறம் மீட்டரைப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். முன்னால் போனால் அதே வேகம். களைப்பு வருவதற்கு முன்பே ஒதுங்கிப் பின்னால் வந்துவிட வேண்டும்.

டீக்கடையிலும் மரியாதை இருக்கிறது. பத்து சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு வியாபாரத்தை மறிக்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு நான் போவதில்லை.

ஜனவரி கடைசி ஞாயிறு. காலை 6 மணிக்குத் திருவான்மியூரில் முப்பது பேருக்கு மேல். இன்னும் இருட்டு. முன்விளக்கு, பின்விளக்கு, மின்னும் சட்டை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டை கொடுத்தார்கள். முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது கழிமுகத்துக்கு மேலே சூரியன். சார் இடத்திலிருந்து ஐந்தாறு பேர் தள்ளி இருந்தேன். மாமல்லபுரம் வரைக்கும் கூட்டமாகப் போனது, பேசிக்கொண்டே. வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளியது. நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். காற்று ஓட்டுகிறது என்று அப்போது தோன்றவில்லை.

கல்பாக்கம் தாண்டி வயலூரில் பாலாற்றுப் பாலம். வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆற்றில் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனதில் கூட்டம் என்னை விட்டுப் போய்விட்டது. சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த இடங்களில் ஜல்லியும் மாற்றுப்பாதையும். கூவத்தூர், முகையூர், கடப்பாக்கம். அதற்குக் கிழக்கே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது, போகவில்லை. அட்டையில் நேரம் ஓடுகிறது. மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால் 100-ஆவது கிலோமீட்டர். 12.40-க்கு மூடும் இடத்துக்கு 10.50-க்கே போய்விட்டேன். மழைத் தண்ணீர் இன்னும் வடியாத உப்பளங்களைப் பார்த்தபடி இரண்டு வாழைப்பழமும் தயிர்சாதமும். முத்திரை குத்திய பையன் "சூப்பர் டைமிங் மேடம்" என்றான். பெருமையாக இருந்தது.

திரும்பினேன். அவ்வளவு நேரமும் முதுகில் இருந்த காற்று முகத்தில் அறைந்தது. 24-இல் வந்தவள் 14-இல் போனேன். முகையூருக்கு முன்னால் பின்சக்கரம் பஞ்சர். மாற்றுப்பாதை ஜல்லியின் வேலை. பயிற்சியில் 12 நிமிடம் எடுத்தது வெயிலில் 25 நிமிடம் எடுத்தது. அதற்குள் நான்கு பேர் என்னைக் கடந்தார்கள், நான்கு பேருமே வேகத்தைக் குறைத்து "எல்லாம் இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கு என்று கையை ஆட்டினால் போய்விட வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களும் கேட்பார்கள். எவ்வளவு வேகமாகப் போகிறவரானாலும் கேட்பார்.

கூவத்தூர் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறைச் சாவி வாங்கி, முகம் கழுவி, ஐந்து நிமிடம் தரையில் உட்கார்ந்தேன். விட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். சென்னைக்குப் பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மறுபடி ஏறி ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். பின்னால் செயின் கடகடவென்று அடிக்கும் சத்தம். பதினாறு வயதுப் பையன், பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுக்கும் சைக்கிள், கேரியரில் ஒரு சாக்கு. காலில் ரப்பர் செருப்பு.

"அக்கா, எங்கேர்ந்து வர்றீங்க?"

சொன்னேன். நம்பவில்லை.

"இந்த சைக்கிள் எவ்ளோ?"

பாதி விலையைச் சொன்னேன். அதையும் நம்பவில்லை. பந்தயம் விட ஆசை வந்துவிட்டது அவனுக்கு. எழுந்து நின்று மிதித்து எனக்கு முன்னால் போனான். என் சைக்கிளைவிட இரண்டு மடங்கு எடையுள்ள சைக்கிள். அகலமான முதுகு, காற்றில் உப்பிய சட்டை. சட்டென்று என் முகத்தில் அடித்த காற்று நின்றது.

பின்னால் ஒட்டுவதற்கு முன் கேட்பது மரியாதை. "தம்பி, உன் பின்னாடியே வரட்டுமா?" என்று கத்தினேன். அவனுக்குக் காரணம் புரியவில்லை. "வாங்கக்கா!" என்றான், நான் தோற்கப்போகிறேன் என்று நினைத்திருப்பான். அவன் தோளுக்கு மேலே பார்த்தபடி, ஒரு கை நீளம் இடைவெளி விட்டு, 17, 18 வேகத்தில் மூன்று கிலோமீட்டர் போனேன். அந்த நாளில் நான் மூச்சு வாங்காமல் ஓட்டிய ஒரே எதிர்க்காற்றுத் தூரம் அதுதான். முறை மாற்றி முன்னால் போகலாம் என்று பார்த்தால் விடவே மாட்டேன் என்கிறான்.

அப்புறம், கை காட்டாமல், சொல்லாமல் கொள்ளாமல், பொசுக்கென்று இடது பக்கம் ஒரு மண்ரோட்டில் திரும்பிவிட்டான். பிரேக் பிடித்துத் தப்பித்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் கையை ஆட்டிக்கொண்டே போகிறான். கோபப்பட வாய்ப்பே இல்லை. சாக்கில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கலாம்.

மாமல்லபுரத்தில் சார் ஒரு இளநீர்க் கடையில் நின்றிருந்தார். எனக்காக நிற்கவில்லை என்றார். நான் குடித்து முடிக்கும்வரை கிளம்பவும் இல்லை. மீதி 45 கிலோமீட்டர் இருவரும் ஐந்து ஐந்து நிமிடம் முறை வைத்து ஓட்டினோம். பேச்சு இல்லை. ஒதுங்கும் முன் முழங்கையை ஆட்டுவார், நான் முன்னால் போவேன். ஆறரை மணிக்கு இருட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆரில் சென்னை திரும்பும் கார்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன்.

6.52-க்குக் கடைசி முத்திரை. 38 நிமிடம் மிச்சம்.

இரண்டு நாள் கழித்து முடித்தவர்கள் பட்டியல் வந்தது. இதில் முதல், இரண்டாவது எல்லாம் கிடையாது. பெயர்கள் எழுத்து வரிசையில் இருக்கும். என் பெயர் எப்போதும் வருகைப் பதிவேட்டில் முன்னாலேயே வந்துவிடும் ரகம். மகன் மொபைலை வாங்கி எண்ணிப் பார்த்தான். பக்கத்து வீட்டில் போய், முப்பது பேரில் அம்மா நாலாவது என்று சொல்லிவிட்டு வந்தான்.

நான் இன்னும் திருத்தவில்லை.