தலையைக் கவிழ்த்துச் சாப்பிடுகிற பறவை

பூநாரை (ஃபிளமிங்கோ) தலைகீழாகத்தான் சாப்பிடும் என்று எங்கோ படித்தது உண்டு, ஆனால் இன்று காலை பழவேற்காடு ஏரியில், அண்ணாமலைச்சேரி பக்கம் பைனாகுலரில் நேராகப் பார்த்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் தங்குகிற பாசியையும் பொடி உயிர்களையும் விழுங்குகிறது.

அந்தத் தீனியில் இருக்கிற நிறமிதான் இறகின் ரோஸ் கலர். இளம் பறவைகளுக்கு அது இன்னும் ஏறவில்லை. கூட்டத்துக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சில, யூனிபார்ம் தைத்து வராத பிள்ளைகள் மாதிரி நின்றன.

"இன்னும் கிட்டப் போங்கண்ணே, பறக்கிற படம் வேணும்" என்று பக்கத்துப் படகில் ஒருவர்.

படகுக்காரர் அசையவில்லை. "கிளப்பிவிட்டா தீனி எடுக்காது சார்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். கடலுக்கும் அதற்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. கடல் தண்ணீர் உள்ளே வருகிற முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் உப்பின் அளவு மாறி இறால் வரத்து குறையும், வலைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். ஏரி ஆழமில்லாமல் இருப்பது பூநாரைக்கு வசதி, அதுவே மேலும் தூர்ந்தால் படகுக்கு ஆகாது. பறவையை மட்டும் காப்பாற்றுகிறேன் என்று பேசுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சரி, அடுத்து நேலப்பட்டு. கூழைக்கடா கூடு கட்டுகிற இடம். யாராவது வருகிறீர்களா?