கறுப்பு நாயும் ஒரு கடிதமும்

அக்டோபர் 7

தபால்காரர் வந்தார், போனார். மின்கட்டண பில் மட்டும். ஆஸ்பத்திரிக் கடிதம் இல்லை.

அக்டோபர் 9

தூக்கம் வராமல் ராத்திரி முழுக்க கறுப்பு நாயைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் அதற்கு பிளாக் ஷக் என்று பெயர். கடலோரப் பாதை, கல்லறைத் தோட்டம், வயல் சந்து என்று திரியும், கண் ஒவ்வொன்றும் சாஸர் அகலம், பார்த்தவர் ஒரு வருஷத்துக்குள் செத்துப்போவார் என்று பேச்சு. அந்த ஒரு வருஷக் கெடுவை வைத்த ஆள் யாரோ, பொல்லாதவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அங்கேயே விழுந்தால் கதை முடிந்தது. வருஷம் என்றால் ஒவ்வொரு இருமலுக்கும் பயந்துகொண்டு கிடக்கணுமே. வீட்டுக்காரர் எழுந்து வந்து, "இப்போ இதெல்லாம் படிக்கணுமா?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

அக்டோபர் 10

போன் திரும்பக் கிடைத்துவிட்டது.

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. பங்கே ஊர் புனித மரியாள் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும்போது இடி, மழை, இருட்டு. கறுப்பு நாய் ஒன்று உள்ளே பாய்ந்து, முழந்தாளிட்டிருந்த இரண்டு பேரின் கழுத்தை முறித்துப் போட்டதாம். இன்னொருவர் நெருப்பில் போட்ட தோல் மாதிரி சுருங்கிப்போனாராம், ஆனால் சாகவில்லையாம். இதை எழுதியவர் ஏப்ரகாம் ஃப்ளெமிங். லண்டனில் துண்டுப்பிரசுரமாக வந்தது. பங்கே சபைப் பதிவேட்டிலோ அன்றைய புயலில் மணிக்கூண்டில் இரண்டு பேர் இறந்தார்கள் என்பது மட்டும்தான். நாயே இல்லை. மின்னல் இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் மின்னல் என்றால் யார் மேலேயும் விழுந்திருக்கும். நாய் என்றால் ஆளைத் தேடி வந்தது என்றாவது ஆகிறது. எனக்கு எது மேல் என்று இன்னும் முடிவு பண்ண முடியவில்லை.

அக்டோபர் 11

இல்லை.

அக்டோபர் 12

ப்ளைத்பரோ ஊர்த் தேவாலயத்துக்குப் போனோம். வீட்டில் இருந்தால் கதவில் தபால் விழும் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவர்தான் கிளப்பினார்.

அதே நாள், அதே நாய், இங்கேயும் வந்ததாகக் கதை. ஒரு ஆளும் ஒரு பையனும் செத்தார்கள், கூம்புக் கோபுரம் இடிந்து விழுந்தது. வெளியே போகும்போது நாய் பிறாண்டியது என்று வடக்குக் கதவைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பிறாண்டல் இல்லை, தீய்ந்த தழும்புகள். கீழே அகலம், மேலே போகப் போகக் கூர்மை, நடுவில் மரம் குழிந்து கரி ஏறியிருக்கிறது. ஆட்காட்டி விரலை வைத்தால் சரியாக உட்காருகிறது. இங்கிலாந்தில் பழைய வீடுகளின் உத்தரங்களிலும் கதவுகளிலும் இதே மாதிரி நிறைய இருக்கின்றன, மெழுகுத்திரியை வேண்டுமென்றே காட்டிச் சுட்டவை. தீயும் இடியும் கெட்டதும் அண்டாமல் இருக்க அப்படிச் செய்தார்கள் என்கிறார்கள். அப்படியானால் நாய் வராமல் இருக்கப் போட்ட காப்பைத்தான் நாயின் நகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அக்டோபர் 14

போன் பண்ணினேன். இசை. அப்புறம் லைன் கட்.

அக்டோபர் 16

டன்னிச். பெரிய துறைமுகமாக இருந்த ஊர், 1286 புயலில் அடி வாங்கியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போய்விட்டது. ஆனாலும் 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது, அது வேறு கூத்து. மூழ்கிய தேவாலயங்களின் மணி கேட்கும் என்பார்கள். எனக்குக் கூழாங்கல்லை அலை இழுக்கிற சத்தம்தான் கேட்டது. அவர் தனக்குக் கேட்டதாகச் சாதிக்கிறார். பொய்.

அக்டோபர் 18

வூல்பிட் ஊரின் பச்சைக் குழந்தைகள் கதை. 12ஆம் நூற்றாண்டு. அக்காவும் தம்பியும், உடம்பெல்லாம் பச்சை, பச்சை அவரையைத் தவிர எதையும் தொடவில்லை. தம்பி கொஞ்ச நாளில் இறந்துபோனான். அக்கா மற்ற சாப்பாடும் சாப்பிடப் பழகி, பச்சை நிறம் போய், பிழைத்தாள். ரத்தசோகையாக இருக்கும் என்று இப்போது விளக்கம் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை! தம்பி ஏன், அக்கா ஏன் இல்லை? அதற்குப் பதில் சொல்லுங்களேன்.

அக்டோபர் 19

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 21

வந்துவிட்டது. முடிவு எதுவும் போடவில்லை, வியாழன் காலை நேரில் வரச்சொல்லி ஒரே பத்தி. துணைக்கு ஆளைக் கூட்டிவரலாம் என்று கடைசி வரி. அந்த வரிதான் பிடிக்கவில்லை.

போகிற வழியில் பங்கே வரும். சந்தைத் திடல் கம்பத்து உச்சியில், காற்று திரும்பும் பக்கமெல்லாம் சேர்ந்து திரும்பும் கறுப்பு நாய், கூடவே மின்னல் கீற்று. 1933இல் வைத்தது. அவர் சுற்றுவழியில் போகலாம் என்கிறார். எதற்கு, ஊருக்குள்ளேயே போங்கள் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமையே பெட்ரோல் போட்டு வைக்கணும்.