சித்தப்பா, கொக்கு, சில புத்தகங்கள்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

லூரியாவை முடித்தாயிற்று. 1943இல் ஸ்மலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்த ஸஸெட்ஸ்கி என்ற இளைஞனைப் பற்றி அந்த ரஷ்ய மருத்துவர் எழுதிய புத்தகம். மூளையின் இடது பின்பக்கம் சேதம். படித்தவன், எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஆகிவிடுகிறான். மருத்துவமனையில் ஒருவர், ஒவ்வொரு எழுத்தாக யோசிக்காதே, கையைத் தூக்காமல் ஒரே இழுப்பாக எழுதிப் பார் என்கிறார். வந்துவிடுகிறது! ஆனால் தான் எழுதியதை வாசிக்க அவனே திணறுகிறான். அப்படியே இருபத்தைந்து வருஷத்தில் 3000 பக்கம்.

இரக்கப்பட்டு எழுத நல்ல வாய்ப்பு. லூரியா அந்தப் பக்கமே போகவில்லை. அவன் எங்கே தடுக்கினான், எதைப் பிடித்து எழுந்தான் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறார்.

ஜனவரி 9

ஒத்தக்கடைக்குப் போய் வந்தேன். சித்தப்பாவுக்கு ஐப்பசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை, வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: “அதான்.” காபி வேண்டும் என்றாலும் அதான், வேண்டாம் என்றாலும் அதான். சித்திக்கு மட்டும் ராகத்தை வைத்து எல்லாம் விளங்குகிறது. நாம் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிகிறது. பதில்தான் வாசலோடு நின்றுவிடுகிறது.

1861இல் பாரிஸில் பால் ப்ரோக்கா பார்த்த லெபோர்ஞ் என்ற நோயாளிக்கும் இதே கதிதான். “டான்” என்பதைத் தவிர வேறு வராது, ஆஸ்பத்திரியில் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடது முன்பக்கத்தில் சேதம். பேச்சை உருவாக்குவதற்கு அந்த இடம் முக்கியம் என்று ப்ரோக்கா சொன்னது அதை வைத்துத்தான். 1874இல் வெர்னிக்கே இன்னொரு வகையைச் சொன்னார்: காதுக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் அடிபட்டால் பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது, அடுத்தவர் பேசுவதும் பிடிபடாது.

டானுக்குக் கோபம் வந்தால் மட்டும் கடவுளை இழுத்து ஒரு வசவு முழுசாக வருமாம். இதைச் சித்தியிடம் சொன்னதும் சிரித்துவிட்டாள். “இங்கயுந்தான். நேத்து ஒருத்தன் பைக்கை வாசல்ல மறிச்சு நிப்பாட்டிட்டான். சொன்னாரு பாரு ஒண்ணு, எழுத்துப் பிசகல!” வசவு, பாட்டு, எண்ணிக்கை எல்லாம் வாய் பழகிய தடத்தில் வருபவை. யோசித்துக் கோக்கும் பேச்சைப்போல அவை இடது மூளையை மட்டுமே நம்பியில்லை என்கிறார்கள். மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டால் சித்தப்பாவால் ‘ஏழு’ என்று நேரே சொல்ல முடியாது. இடது கைவிரலை மடக்கி ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்து ஏழில் வந்து நிற்கிறார். நின்றதும் என்னை ஒரு முறை முறைக்கிறார்.

ஜனவரி 14

பொங்கல். ஒன்றும் படிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மா. கிருஷ்ணனின் கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1950 தொடங்கி 1996இல் சாகும்வரை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் விடாமல் பத்தி எழுதியவர். நம் ஆட்கள் இயற்கை என்று பேனாவை எடுத்தால் இரண்டாவது வரியிலேயே அன்னை வந்துவிடுவாள், நான்காவது வரியில் ஐயகோ. கிருஷ்ணன் வீட்டுப் பக்கம் திரியும் பிராணியைக்கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறார். லூரியாவின் மேஜைக்கு எதிரே இவருக்கு ஒரு நாற்காலி போடலாம்.

சாயங்காலம் பறவைப் படப் புத்தகத்தோடு சித்தப்பாவிடம் போனேன். பெரியாறு வாய்க்காலில் லஸ்கராக, அதாவது தண்ணீர் திறந்துவிடும் ஊழியராக, இருந்தவர், மடையும் கலுங்குமாக முப்பது வருஷத்துக்குமேல் கரையிலேயே நின்றவர். “குருட்டுக்கொக்கு எது?” என்றேன். உண்ணிக்கொக்கை விலக்கிவிட்டு, பழுப்பாகக் கூனி நிற்பதை விரலால் தட்டினார். பிறகு, நான் கேட்காமலே, இடது முழங்கையை மடியில் ஊன்றினார். மணிக்கட்டை மடக்கி விரல் ஐந்தையும் அலகாகக் குவித்தார். வெகுநேரம் அசைவே இல்லை. எனக்கே பொறுமை போய் வாயைத் திறக்கும்போது, வெடுக்கென்று கை பாய்ந்து தம்ளரில் இடித்தது. பிறகு மணிக்கட்டு சற்று நிமிர்ந்து, ஒரு விழுங்கு. மீன் உள்ளே போய்விட்டது. “அதான்,” என்றார்.

ஜனவரி 24

அரிட்டாபட்டி பக்கம் வெடிச்சத்தம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு நேற்று அறிவித்துவிட்டது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. லகடு வல்லூறு இருக்கிற பாறைகள்.

வல்லூறு என்றதும் பேக்கரைத் திரும்ப எடுத்தேன். இங்கிலாந்தில் பத்து வருஷம் பொரி வல்லூறுகளின் பின்னால் அலைந்ததை ஒரே குளிர்கால நாட்குறிப்பாகச் சுருக்கி 1967இல் வெளியிட்டவர். மொழி அசத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் முப்பது பக்கத்துக்கு மேல் எனக்குத் திகட்டுகிறது. பறவை இரையைப் பிடிக்கும் முன்பே உவமை பிடித்துவிடுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

வாரிங்டனும் ஷாலிஸும் 1984இல் எழுதியதை இன்று படித்தேன். ஹெர்பிஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்கள். அதில் ஒருவரிடம் திசைகாட்டி என்றால் என்னவென்று கேட்டால், போகும் திசையைச் சொல்லும் கருவி என்று சரியாகச் சொல்கிறார். கிளி என்றால்? தெரியாது. பொருள்கள் நிற்கின்றன, உயிர்கள் போய்விட்டன. மறு வருஷம் வந்த இன்னொரு ஆய்வில் ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் பழம், காய்கறிகளின் பெயர் மட்டும் வரவில்லை. மணிச்சட்டத்தைச் சொல்கிறார், ஆரஞ்சைச் சொல்ல முடியவில்லை.

காரணமாக அவர்கள் சொன்னது: சுத்தியலை அதன் வேலையை வைத்து அறிகிறோம், கிளியை நிறம், அலகு, வடிவம் வைத்து. பார்வையில் சேர்த்த அறிவு அழிந்தால் உயிர்கள்தான் முதலில் குழம்பும். இதை எல்லோரும் ஏற்கவில்லை, உயிர்களுக்கென்றே மூளையில் தனி ஏற்பாடு உண்டு என்போரும் இருக்கிறார்கள். எனக்கு முதல் கட்சி பிடித்திருக்கிறது. கிருஷ்ணன் ஆயுசு முழுக்கச் சேர்த்தது அந்தச் சரக்கைத்தானே. சித்தப்பாவுக்கு அது ஒரு துளியும் சிந்தவில்லை. நாக்குக்கு வரும் வழியில்தான் அடைப்பு.

பிப்ரவரி 6

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்திருந்தார், சின்னப் பெண். அட்டையில் ஆப்பிள், குடை, ரயில். சித்தப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கு விஷயத்தைச் சொன்னேன். “கையால செஞ்சாரா? அதோட முதல் எழுத்தை எடுத்துக் குடுத்துப் பாருங்க சார், சில பேருக்கு வரும்,” என்றார். கை கொக்காக மடங்கியதும் “கொ...” என்றேன். உதடு குவிந்தது, “கொ, கொ” வரை வந்தது. பிறகு அதான்.

அடுத்த வியாழக்கிழமைக்குள் ஒரு அட்டைக்கு ஒரு பறவை வீதம் பெரிய படமாகப் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். கொக்கு, மீன்கொத்தி, செம்போத்து, நாமக்கோழி. கோழியையும் சேர்க்கச் சொல்கிறாள் சித்தி, ஞாயிற்றுக்கிழமை வாங்கி வரச் சொல்ல வசதியாம்.