அப்பா இஸ்திரி போட்ட குவில்ட்

குவில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்து, அடுக்கடுக்காகத் தைக்கும் போர்வை) தைக்கிறவர்களிடம் எந்த வேலை பிடிக்காது என்று கேட்டால், பெரும்பாலும் பேஸ்டிங் என்றுதான் சொல்வார்கள். மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சுப் படலம், அடியில் பின்துணி. மூன்றும் மெஷினுக்குள் போகும்போது ஆளுக்கொரு பக்கம் நழுவாமல் இருக்க, முதலில் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கையகலத்துக்கு ஓர் ஊக்கு என்பது கணக்கு. 60க்கு 80 அங்குலப் போர்வை என்றால் 300 ஊக்கு ஆகிவிடும். மண்டியிட்டு அத்தனையையும் குத்தி, தைக்கத் தைக்க ஒவ்வொன்றாய்க் கழற்ற வேண்டும். ஸ்ப்ரே பசையும் உண்டு, ஆனால் அதைக் காற்றோட்டமான இடத்தில்தான் அடிக்க வேண்டும். ஹூஸ்டனில் ஜூலை மாத வெயிலில் வெளியே நின்று ஸ்ப்ரே அடிப்பதற்கு ஊக்கே மேல்.

அதனால்தான் இங்கே ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் நடக்கும் குவில்ட் திருவிழாவில் ஒட்டும் பேட்டிங் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். (பல பத்தாண்டுகளாக நடக்கும் திருவிழா. பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போவது குடும்பத்துக்கு நல்லது.) 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர், இரண்டு பக்கமும் சூடு பட்டால் இளகும் பசை. அடுக்கி வைத்து இஸ்திரி போட்டால் மூன்றும் ஒட்டிக்கொள்ளும்.

அதைப் பிரித்தபோது திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள்.

"ப்ளவுஸ் கழுத்துக்கு கேன்வாஸ் ஒட்டுவோமே, அதுதானே இது?" என்றார் அம்மா. அதேதான். ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டுவிட்டாரே என்று நான் மகிழ்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "நல்ல துணியைக் காசு கொடுத்து வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மறுபடி சேர்த்துத் தைக்கிறியே, முழுசாவே போர்த்திக்கிட்டா என்ன?" இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இஸ்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தன் சட்டையைத் தானே தேய்த்தவர். தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஒரு கைக்குட்டைகூடப் போனதில்லை. "நகரும்மா" என்றார்.

"அப்பா, இதைத் தேய்க்கக் கூடாது. நடுவில் ஆரம்பிச்சு, வச்சு அழுத்தி, நாலு எண்ணி, தூக்கித்தான் அடுத்த இடத்துல வைக்கணும்."

"எனக்கே இஸ்திரி சொல்லித் தர்றியா?"

ஓங்கி ஓர் இழுப்பு. பெட்டியோடு மேல்துணியும் போனது, போன இடத்தில் ஒட்டிக்கொண்டது. நான் பார்த்துப் பார்த்துத் தைத்த எட்டு முனை நட்சத்திரத்துக்கு ஒன்பதாவது முனை முளைத்தது. "துணி சரியில்லை" என்று தீர்ப்பு வந்தது.

இந்த பேட்டிங்கில் எனக்கு மிகவும் பிடித்த குணமே இங்கேதான் உதவியது. மறுபடி சூடு காட்டினால் பசை இளகும். ஆறுவதற்குள் துணியை உரித்து, நீவி, திரும்ப ஒட்டலாம். ஊக்கு குத்தியிருந்தால் இப்படி ஒரு சுருக்கம் இருப்பதே தைத்து முடித்து, பின்பக்கம் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். அன்று காலை முழுக்க அப்பா ஒட்ட, அம்மா உரிக்க, வேலை நன்றாகவே நடந்தது.

பேட்டிங்கை எப்போதும் மேல்துணியைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வெட்டுவார்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பசை பெட்டியில் படாமல் இருக்க பட்டர் பேப்பர் போட்டிருந்தேன். இடைஞ்சலாக இருக்கிறதென்று அப்பா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. பெட்டியின் அடியில் பழுப்பாக ஒரு தீவு.

அம்மா அலட்டிக்கொள்ளாமல் மருந்துப் பையைத் திறந்து ஒரு பாராசிட்டமால் மாத்திரையை எடுத்தார். "காய்ச்சல் பெட்டிக்கா, எனக்கா?" என்றார் அப்பா. மாத்திரையை இடுக்கியில் பிடித்துச் சூடான அடிப்பக்கத்தில் தேய்க்க, அது உருகிப் பசையையும் இளக்கியது. பழைய பனியன் துணியால் துடைத்ததும் பளபளப்பு திரும்பியது. ஆறு மாதத்துக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தில் முதல் செலவு இஸ்திரிப் பெட்டிக்கு!

அதன்பிறகு அப்பா மாறிவிட்டார். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, தபால் ஆபீசில் முத்திரை குத்துவதுபோல் வரிசை தப்பாமல் வைத்துக்கொண்டே போனார். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் முடித்தார். மாலையில் மெஷினில் ஓட்டினேன், ஓரிடத்திலும் சுருக்கம் விழவில்லை. சுருட்டிச் சுருட்டித் தள்ளியதில் ஒரு மூலையில் மட்டும் ஒட்டு விட்டுப்போனது. அதற்காகவே காத்திருந்தவர்போல் அப்பா பெட்டியோடு வந்து நின்றார்.

வெட்டி மீந்த பேட்டிங் பட்டையை அம்மா சமையலறைக்கு எடுத்துப் போயிருந்தார். நல்ல மெத்தென்ற துணி, வீணாக்குவானேன் என்று அடுப்பிலிருந்து இறக்கிய கடாய்க்கு அடியில் போட்டிருக்கிறார். கடாயைத் தூக்கினால் பட்டையும் கூடவே வந்தது.

அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். இப்போது அவர்தான் நிபுணர். "ஒண்ணும் பயப்படாதே. சூடு காட்டினா தானா விட்டுடும்."

"சூடா இருக்கறதாலதாங்க ஒட்டியிருக்கு!"