டெக்சஸில் இன்-ஸ்டேட் கட்டணம்: வீடு மாறிய தேதி வேறு, காகிதத் தேதி வேறு

நியூ ஜெர்சியிலிருந்தோ மிச்சிகனிலிருந்தோ டாலஸ், ஆஸ்டின் பக்கம் மாறுகிறவர்கள் பள்ளி ரேட்டிங் பார்ப்பார்கள், வீட்டு வரி பார்ப்பார்கள், கோயில் எவ்வளவு தூரம் என்றும் பார்ப்பார்கள். பிள்ளை பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறது என்றால் இன்னொரு கணக்கையும் போட்டாக வேண்டும். அரசுப் பல்கலைக்கழகமான யூடி ஆஸ்டினில் (யூனிவர்சிட்டி ஆஃப் டெக்சஸ்) டெக்சஸ்வாசி மாணவருக்கான ஆண்டுக் கட்டணம், அதாவது இன்-ஸ்டேட் கட்டணம், படிப்பைப் பொறுத்து, 11 முதல் 14 ஆயிரம் டாலர் அளவில் இருக்கும். வெளிமாநில மாணவருக்கு அது 40 ஆயிரத்தை ஒட்டி, சில படிப்புகளுக்கு அதற்கும் மேலே. நான்கு ஆண்டில் வித்தியாசம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும்.

இன்-ஸ்டேட் கட்டணத்துக்கு “ஒரு வருஷம் இருந்தால் போதும்” என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அரைகுறை. எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை, யார் இருந்தால் என்ற மூன்று கேள்விகளில்தான் எல்லாச் சிக்கலும் கிடக்கிறது.

கடைசி நாளிலிருந்து தொடங்கலாம். டெக்சஸில் அது அட்மிஷன் கிடைத்த நாளும் இல்லை, வகுப்பு தொடங்கும் நாளும் இல்லை. ‘சென்சஸ் டேட்’ என்பார்கள். வழக்கமான ஃபால், ஸ்பிரிங் செமஸ்டர்களில் அது 12-ஆவது வகுப்பு நாள். ஆகஸ்ட் கடைசி வாரம் வகுப்பு தொடங்கினால் செப்டம்பர் இரண்டாம் வாரவாக்கில் வரும். அந்த நாளுக்கு முந்தைய 12 மாதமும் டெக்சஸ் உங்கள் நிலையான இருப்பிடமாக இருந்திருக்க வேண்டும். ஆக, பிள்ளை பன்னிரண்டாவது தொடங்கும்போதே குடும்பம் டெக்சஸில் ஊன்றியிருக்க வேண்டும். அக்டோபரில் வந்தால் அடுத்த ஃபால் கைவிட்டுப் போகும். அந்த ஒரு செமஸ்டருக்கு வெளிமாநிலக் கட்டணம் கட்டிவிட்டு, ஸ்பிரிங்குக்கு இன்-ஸ்டேட் ஆக மறுவகைப்பாடு கேட்கலாம். கேட்டால்தான் நடக்கும், 12 மாதம் முடிந்ததும் கல்லூரி தானாக மாற்றித் தராது. விண்ணப்பமும் ஆவணங்களும் ஸ்பிரிங்கின் சென்சஸ் டேட்டுக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

அடுத்தது, யார்? பிள்ளையை வருமான வரியில் சார்ந்திருப்பவராகக் காட்டத் தகுதி இருக்கும்வரை பார்க்கப்படுவது பெற்றோரின் இருப்பிடம்தான். இருவரில் ஒருவருடையது நிரூபணமானால் போதும். எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்களும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, எல்-2 விசாக்காரர்களும் டெக்சஸில் இருப்பிடம் நிறுவலாம், கிரீன் கார்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எஃப்-1 (மாணவர்), பி (சுற்றுலா, வருகை) வகை விசாக்களுக்கு இந்த வழி கிடையாது. விசா வைத்திருக்கும் குடும்பங்களை மொத்தமாக ஒதுக்கித்தள்ள முடியாது என்பது பழைய விவகாரம்: மேரிலாந்தில் ஜி-4 (சர்வதேச அமைப்பு ஊழியர்) விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு இன்-ஸ்டேட் கட்டணம் மறுக்கப்பட்ட வழக்கில், 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இனி காகிதம். டெக்சஸில் ஆவணங்கள் இரண்டு தரம். முதல் தரம் இருப்பிடத்தை நிறுவுபவை: வேலைக்கான சான்று, குடியிருக்கும் வீட்டின் பத்திரம், சொந்தத் தொழிலுக்கான சான்று, டெக்சஸ்வாசியை மணந்திருப்பது. இரண்டாம் தரம் அந்த இருப்பிடத்தில் தொடர்ந்து இருந்ததைக் காட்டுபவை: லீஸ், மின்சார பில், பேங்க் ஸ்டேட்மென்ட், டிரைவிங் லைசன்ஸ், பள்ளி டிரான்ஸ்கிரிப்ட். இரண்டாம் தரத்தில் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் முதல் தரத்தில் ஒன்றாவது இல்லாவிட்டால் கோப்பு திரும்பி வரும். “லைசன்ஸ் இருக்கு, லீஸ் இருக்கு, இன்னும் என்ன வேணும்?” என்று கேட்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

வேலைச் சான்றில் ஒரு பொறி உண்டு. ஒரே கம்பெனிக்குள் மாற்றலாகி வருகிறவருக்கு எச்.ஆர். பிரிவு வழக்கமாகத் தரும் கடிதம் “2019 முதல் பணிபுரிகிறார்” என்று முடிந்துவிடும். எங்கே பணிபுரிகிறார் என்று அதில் இருக்காது. டெக்சஸில் எந்தத் தேதியிலிருந்து, எந்த முகவரியில், இன்றும் வேலையில் இருக்கிறாரா, முழுநேரமா என்ற நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

பே ஸ்டப் அடுத்த பொறி. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. மாறி வந்து நான்கு மாதம் ஆன பிறகும் சம்பளச் சீட்டில் ‘என்ஜே’ என்று வரி பிடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறீர்கள் என்று உங்கள் காகிதமே சாட்சி சொல்கிறது. வந்த வாரமே பேரோல் முகவரியை மாற்றிவிட வேண்டும். பழைய மாநிலத்துக்குத் தாக்கல் செய்யும் பகுதி ஆண்டு வரிக் கணக்கில் வெளியேறிய தேதி இருக்கும். அதில் ஒரு நகலைப் பத்திரப்படுத்துங்கள். எச்-1பி என்றால் வேலை செய்யும் பெருநகரப் பகுதி மாறும்போது கம்பெனி தாக்கல் செய்த விசா பெட்டிஷனைத் திருத்த வேண்டியிருக்கும். அந்தத் தேதியும் கம்பெனிக் கடிதத்தின் தேதியும் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது.

அப்பா பழைய ஊரிலேயே வேலையில் இருக்க, அம்மாவும் பிள்ளையும் மட்டும் டெக்சஸ் வந்துவிடும் குடும்பங்களுக்குத்தான் இதில் சிரமம் அதிகம். அம்மா எச்-4-இல், வேலை அனுமதி இல்லாமல் இருந்தால் வேலைச் சான்று காட்ட வழியில்லை. வாடகை வீட்டு லீஸ் முதல் தரத்தில் சேராது. அம்மாவின் பெயரும் சேர்ந்த பத்திரத்தோடு ஒரு வீடு, அதில் அவர்கள் குடியிருப்பது, இதுதான் பிடிமானம். பில்டரோடு போட்ட ஒப்பந்தத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வீடு உங்கள் பெயருக்கு வந்து பத்திரம் முடிந்த தேதியை வைத்துப் போடுங்கள். வாங்கி வாடகைக்கு விட்ட வீடும் உதவாது.

புதிதாக வந்தவர்கள் 30 நாளில் காரைப் பதிந்து, 90 நாளில் டெக்சஸ் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்பது சட்டம். விசாக்காரர்களுக்கு லைசன்ஸ் விசாக் காலம் வரைதான் செல்லும். புதுப்பித்தால் கார்டில் புதுத் தேதி ஏறிவிடும். அதைப் பார்க்கிறவருக்கு நீங்கள் போன மாதம் வந்தவர் போலத் தெரியும். பழைய கார்டின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் அந்த வாதமே எழாது.

இதெல்லாம் பெற்றோர் வழி. பிள்ளையின் சொந்த வழி ஒன்றும் உண்டு, என் கணக்கில் அதுதான் உறுதியானது. டெக்சஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்து, முடிக்கும் நாளுக்கு முந்தைய 36 மாதமும் மாநிலத்தில் வசித்து, சென்சஸ் டேட்டுக்கு முந்தைய ஓராண்டும் இங்கேயே இருந்தால் போதும். இதில் பெற்றோரின் வேலையோ வீட்டுப் பத்திரமோ கேள்விக்கே வராது. ஒன்பதாவது முடிந்த கையோடு, மே மாதத்திலேயே வந்துவிட்டால் 36 மாதம் சரியாகப் பொருந்தும். ஜூலை, ஆகஸ்டில் வந்தால் ஓரிரு மாதம் குறையும். பள்ளிக்கூடம் முடிகிற நாளையும் குடிவந்த நாளையும் நாட்காட்டியில் வைத்து எண்ணிப் பாருங்கள். இதே வழியில் சட்டபூர்வக் குடியேற்ற அந்தஸ்து இல்லாத மாணவர்களும் 2001 முதல் பயன்பெற்று வந்தார்கள். 2025 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்ற ஆணை ஒன்று அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அந்தஸ்துக்கான ஆதாரம் கேட்கப்படலாம் என்பதால் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் அறிவிப்பு) இரண்டையும் தயாராக வைத்திருப்பது நல்லது. எச்-4 பிள்ளைக்கு, அந்த விசா முடிந்துபோகும் 21 வயது நெருங்கினால், எஃப்-1-க்கு மாறும் முன் எந்த வழியில் இன்-ஸ்டேட் ஆகப் பதிவாகியிருக்கிறது என்று கல்லூரி ரெஜிஸ்ட்ராரிடம் (பதிவாளர்) எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பிள்ளையை மட்டும் தனியாக அனுப்பி ஓராண்டு வேலை பார்க்கவைத்து இன்-ஸ்டேட் ஆக்கலாம் என்று யோசிப்பவர்களும் உண்டு. பெற்றோரைச் சார்ந்திருக்கும்வரை இது நடக்காது. தன் காலில் நிற்கிற மாணவருக்குக்கூட வாரம் சராசரி 20 மணி நேர வேலையாவது காட்ட வேண்டியிருக்கும். மாணவராக இருந்தால்தான் கிடைக்கும் வளாக வேலைகள் கணக்கில் வராது. கலிபோர்னியாவின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) வளாகங்களில் இன்னும் கெடுபிடி: 24 வயதுக்குள் இருக்கும் மணமாகாத மாணவரின் பெற்றோர் வெளிமாநிலத்தில் இருந்தால், பணவகையில் சார்ந்திருக்கவில்லை என்று அவரே நிரூபித்தாக வேண்டும்.

12 மாதம் எப்படியும் நிரம்பாது என்றால் இரண்டு பக்கவாசல்கள். கல்லூரி போட்டி முறையில் தரும் உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 டாலராவது இருந்தால், வெளிமாநில மாணவருக்கும் இன்-ஸ்டேட் கட்டணம் தரலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. இடங்கள் குறைவு, எல்லா உதவித்தொகையும் இதில் சேராது. ஆஃபர் கடிதம் வந்ததும் இது அந்த வகையா என்று கேளுங்கள். மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சித் திட்டத்தின் கீழ் டெக்சஸுக்கு வந்த கம்பெனியோடு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஓராண்டுக் காத்திருப்பே இல்லை. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பது எச்.ஆருக்கே தெரியாமல் இருக்கும். கல்லூரியில் விசாரிப்பது சுருக்கு வழி.

கல்லூரி விண்ணப்பத்தில் வரும் ரெசிடென்சி (இருப்பிடம்) கேள்விகளைப் பிள்ளை நள்ளிரவில் தனியாக நிரப்பும்படி விடாதீர்கள். “பெற்றோர் டெக்சஸில் எவ்வளவு காலம்?” என்ற இடத்தில் தோராயமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டால், பின்னால் கொடுக்கும் ஆவணம் அதோடு பொருந்தாது. தகவல் தவறாகத் தந்ததால் இன்-ஸ்டேட் கிடைத்தது என்று பிறகு தெரிந்தால், கடந்துபோன ஒவ்வொரு செமஸ்டருக்குமான வித்தியாசத் தொகையையும் மாணவரிடமே வசூலிப்பார்கள்.