கல்சட்டித் துண்டில் செய்த கேஸ் பர்னர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வருவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கம். போன மாசியில் மரப்பெட்டி, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று பார்த்துக்கொண்டே போனபோது ஒரு கடையின் படி ஓரத்தில் பித்தளைக் கார்பைடு விளக்கு ஒன்று கிடந்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். மேலே தண்ணீர் அறை, கீழே கல் போடும் அறை, நடுவே சொட்டுச் சொட்டாக நீர் விடும் ஊசி வால்வு. மரை தேயவில்லை. பர்னர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் யாரோ ஒரு பித்தளைக் குழாயை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். 1,800 ரூபாய் சொன்னார், 1,400க்கு முடிந்தது.

கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், சுண்ணாம்பு மிஞ்சும். கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் என்கிறோமே, அந்தக் கல்தான் இது. பழத்துக்கு அதைத் தடை செய்திருக்கிறார்கள், நல்லதுதான். விளக்குக்கு 100 கிராம் கல் போட்டால் சுமார் 30 லிட்டர் வாயு கிடைக்கும். விளக்கைப் பார்த்ததும் அப்பத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சந்தையில இத வச்சுத்தேன் ராத்திரிக்குப் பலகாரம் விப்பாக. கிட்டப் போனாலே பூண்டு வாட அடிக்கும்" என்றார். அந்த வாடை அசிட்டிலீனுடையது இல்லை. கல்லில் கலந்திருக்கும் பாஸ்பரஸ் கழிவால் உண்டாகும் பாஸ்பீன் வாயுவின் வாடை அது. அத்தனை வருடம் கழித்தும் அவருக்கு அது மூக்கில் நிற்கிறது.

வாஷர் மாற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, வளவு முற்றத்தில் வானம் பார்த்த இடத்தில் வைத்து ஏற்றினேன். உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறும்வரை ஒரு நிமிடம் விட்டுத்தான் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். காற்றில் 2.5 சதவீதம் அசிட்டிலீன் இருந்தாலே அந்தக் கலவை தீப்பிடிக்கும், 80 சதவீதம் வரை போனாலும் பிடிக்கும். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

சுடர் ஒரு முழ நீளத்துக்கு நெளிந்து எழுந்தது. சிவந்த மஞ்சள், நுனியில் கறுப்புப் புகை. ஐந்து நிமிடத்தில் என் சட்டை மேலெல்லாம் ஒட்டடை மாதிரி கரி மிதந்து வந்து உட்கார்ந்தது. வெளிச்சமோ ஒரு சிம்னி விளக்கு அளவுக்குக்கூட இல்லை. வாயு வருகிறது, எரிகிறது, ஆனால் ஒளி இல்லை. என்ன குறை என்று தேடியதில்தான் இந்தப் பர்னர் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

நம் அடுப்பில் சுடர் நீலமாக எரிந்தால் சரி, மஞ்சளானால் சட்டி கரியாகும். விளக்குக்கு அந்த மஞ்சள்தான் உயிர். சுடருக்குள் பிரிந்து வரும் நுண்ணிய கரித்துகள்கள் சூட்டில் பழுத்து ஒளிர்வதைத்தான் நாம் வெளிச்சமாகப் பார்க்கிறோம். ஒளிர்ந்த துகள் சுடரின் ஓரத்துக்கு வந்ததும் காற்றில் எரிந்து முடிந்துவிட வேண்டும். முடியாமல் தப்பினால் புகை. முன்கூட்டியே காற்று அதிகமாகக் கலந்துவிட்டால் கரியே பிரியாது, நீலச் சுடர்தான், இருட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் சுடரை நிறுத்துவதுதான் பர்னரின் வேலை. அசிட்டிலீனில் எடைக்கு 92 சதவீதம் கரி. அதனால்தான் என் குழாயில் அது அப்படிப் புகைந்தது.

நிலக்கரி வாயுவை வைத்து 1792இல் இங்கிலாந்தின் ரெட்ரூத் ஊரில் தன் வீட்டுக்கு விளக்கேற்றிய வில்லியம் மர்டாக் காலத்திலும் பர்னர் என்பது வெறும் துளைதான். ஒற்றைத் துளைச் சுடருக்கு 'எலிவால்' என்றே பெயர். பருத்த சுடரின் நடுவுக்குக் காற்று எட்டாது. சுடரைத் தட்டையாக்கினால் இரண்டு பக்கமும் காற்று படும். குமிழ் போன்ற தலையில் ஒரு கீறல் போட்டுப் பார்த்தார்கள், சுடர் வௌவால் சிறகு மாதிரி விரிந்தது. கிளாஸ்கோ கேஸ் நிலையத்தில் இருந்த நீல்சன் 1820இல் வேறு வழி கண்டார். இரண்டு துளைகளைச் சாய்வாகப் போட்டு, இரண்டு பீச்சலையும் ஒன்றோடொன்று முட்ட விட்டார். முட்டிய இடத்தில் வாயு தகடாக விரிந்து மீன்வால் சுடர் ஆனது. இரும்பு உலைக்குச் சூடான காற்றை ஊதும் முறையை 1828இல் கொண்டுவந்தவரும் இதே நீல்சன்தான்.

எனக்கு இது முதலில் புரியவில்லை. தோட்டத்தில் இரண்டு தண்ணீர்க் குழாயை எடுத்து, பீச்சல் இரண்டும் மோதும்படி சாய்த்துப் பிடித்தேன். இரண்டு குழாயும் இருக்கும் தளத்துக்குக் குறுக்கே தண்ணீர் விசிறியாக விரிந்தது. அப்புறம் சந்தேகமே இல்லை.

முதல் மீன்வாலைப் பித்தளையில் செய்தேன். லேத் பட்டறைத் தம்பி "செம்புல கடைஞ்சா ஈசியா இருக்கும்ணே" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அசிட்டிலீன் செம்போடு சேர்ந்து அசிட்டிலைடு உண்டானால் காய்ந்த பிறகு தட்டினாலே வெடிக்கும். பித்தளையில் துத்தநாகம் கலந்திருப்பதால் அது தாங்கும், அந்தக் காலத்து விளக்குகளும் பித்தளைதான். சர்க்யூட் போர்டில் துளை போடும் 0.3 மில்லிமீட்டர் பிட் மூன்று உடைந்து, நாலாவது பிட்டில் இரண்டு துளையும் அமைந்தன.

ஏற்றியதும் சுடர் விரிந்தது. உள்ளங்கை அகலத்தில், விளிம்பு ஒழுங்காக, வெள்ளை வெளிச்சம். பட்டாலைத் தூண் வரைக்கும் நிழல் விழுந்தது. பத்து நிமிடம் நின்றது அந்த சந்தோஷம். அப்புறம் சுடரின் இடது பக்கம் கொம்பு முளைத்த மாதிரி நீண்டு புகைய ஆரம்பித்தது. அணைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடது துளையைச் சுற்றிக் கடுகளவு கரி, பவளப்பூச்சி கட்டிய மாதிரி கிளை கிளையாக நின்றது. ஊசியால் குத்தி எடுத்து மறுபடி ஏற்றினால் எட்டாவது நிமிடம் அதே கதை. ஆறு தடவை செய்து பார்த்தேன்.

காரணம் இரண்டு. ஒன்று, சுடர் பர்னரின் தலையில் ஒட்டிக்கொண்டே எரிகிறது. சூடான உலோகத்தைத் தொட்ட அசிட்டிலீன் அங்கேயே சிதைந்து கரியைக் கக்குகிறது. இரண்டு, உலோகம் சுடரின் சூட்டையும் வாங்கிக் கீழே கடத்துகிறது. சுடரின் அடிப்பகுதி குளிர்ந்தால் வெளிச்சமும் குறையும். நிலக்கரி வாயுக் காலத்தில் இரும்பு பர்னர்களுக்கு இந்தக் குறையோடு துருவும் சேர்ந்துகொண்டது. துருப்பிடித்துத் துளை ஒழுங்கு கெட்டு, சில மாதத்தில் சுடர் கோணிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதற்கு அவர்கள் கண்ட மருந்து ஸ்டீயடைட். கடைந்து, துளையிட்டு, பிறகு சூளையில் சுட்டால் இறுகிவிடும் கல். துருப்பிடிக்காது, சூட்டையும் எளிதில் கடத்தாது.

ஸ்டீயடைட் எங்கே கிடைக்கும் என்று இரண்டு வாரம் விசாரித்தேன். அது என்ன கல் என்று அகராதியில் பார்த்தபோதுதான் தலையில் உறைத்தது: மாக்கல். நம் கல்சட்டி செய்கிற கல்! வத்தக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கின பிறகும் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்குமே, அந்தக் குணம்தான் பர்னருக்கும் வேண்டியது. இரண்டாம் கட்டில் பரண் மேல் விளிம்பு உடைந்த கல்சட்டி ஒன்று இருந்தது. அப்பத்தாவின் மாமியார் காலத்தது. கேட்கத் தயக்கமாக இருந்தது. "ஒடஞ்சதுதானப்பா, எடுத்துக்க. வெளக்கு எரியிதுன்னா நல்லதுதேன்" என்றார்.

உடைந்த விளிம்பில் பெருவிரல் அளவுத் துண்டு நாலு அறுத்தேன். இரும்பு அறுக்கும் வாளுக்கு வெண்ணெய் மாதிரி வருகிறது. வெளிப்பக்கம் எண்ணெய் ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தாலும் உள்ளே சாம்பல் பச்சை. உதிர்ந்த தூள் விரலில் முகப் பவுடர் மாதிரி வழுக்கியது. முகப் பவுடரின் டால்க்கும் இதே கனிமம்தான்.

இந்த முறை மீன்வால் போடவில்லை. அசிட்டிலீனுக்கென்று 1890களில் வந்த இரட்டை முனை அமைப்பை எடுத்துக்கொண்டேன். தனித்தனியாக இரண்டு முனை, ஒவ்வொன்றும் 45 பாகை சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கும். ஒவ்வொரு முனையிலும் அடியில் 0.3 மில்லிமீட்டர் வாயுத் துளை. அதற்கு மேலே 2 மில்லிமீட்டர் அகலமான வாய். அந்த வாயின் பக்கவாட்டில் நாலு காற்றுத் துளைகள். வாயு பீச்சும் வேகத்தில் பக்கத் துளை வழியாகக் காற்று தானே இழுபட்டு உள்ளே வரும். வந்த காற்று வாயுவைச் சுற்றி உறை போல நின்று கல்லைத் தொடவிடாமல் காக்கும். இரண்டு பீச்சலும் நடுவெளியில் மோதி அங்கேதான் சுடர் விரியும். கல்லுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இடைவெளி. கரி உட்கார இடமே கிடையாது. இவ்வளவு சின்னப் பொருளுக்குள் இவ்வளவு யோசனையை வைத்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

சாய்வுக்கு வீட்டில் கிடந்த பர்மாத் தேக்குச் சட்டத்துண்டில் 45 பாகையில் பள்ளம் வெட்டி, கல்லை அதில் உட்கார வைத்துத் துளைத்தேன். மோட்டார் வேண்டாம், கையில் உருட்டும் சின்னப் பிடியே போதும். ஒரு துளைக்கு இருபது நிமிடம் ஆனது. அவசரப்பட்டால் பிட் உள்ளேயே முறிந்துவிடும்.

சுடுவதற்கு எங்கள் தெரு பத்தரிடம் போனேன். தங்கம் உருகும் சூடு 1,064 பாகை செல்சியஸ், எனக்கும் கிட்டத்தட்ட அதுதான் தேவை. மாக்கல்லில் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறி அது வேறு கனிமமாக மாறுவது அந்தச் சூட்டில்தான். மூசைக்குள் கரித்தூள் பரப்பி நாலு முனையையும் வைத்தார். "எடுத்ததும் ஊதக் கூடாதுங்க, கல்லு வெடிச்சிரும், மொதல்ல வாட்டணும்" என்று ஒரு மணி நேரம் வெறும் தணலில் வைத்தார். அப்போது எழுந்த வாசனையை மறக்க முடியாது. நல்லெண்ணெய், புளி, மிளகாய் என்று எத்தனையோ வருடக் குழம்பு அந்தக் கல்லுக்குள் இருந்து புகையாக வெளியே வந்தது. பத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலில் ஒன்று, கறுப்பு ரேகை ஓடிய துண்டு, வெடித்துப்போனது. மூன்று தேறின. நகத்தால் கீறக்கூடியதாக இருந்த கல் இப்போது ஊசி முனைக்கும் அசையவில்லை, தட்டினால் பீங்கான் ஓசை. பச்சை போய் வெளிர் பழுப்பு.

இரண்டு முனையைப் பித்தளைக் கவைக் குழாயில் பொருத்தி ஏற்றினேன். முதலில் பீச்சல்கள் நேருக்கு நேர் மோதவில்லை, ஒன்றையொன்று உரசிக்கொண்டு போய்ச் சுடர் முறுக்கிக்கொண்டது. கவையை மயிரிழை வளைத்தேன். சட்டென்று சுடர் திறந்தது. அரச இலை அளவு. அடியில் நீலப் பொட்டு இரண்டு, அதற்கு மேல் கண் கூசும் வெள்ளை. சத்தம் இல்லை, புகை இல்லை. கல் தீரும்வரை, இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவாக, அப்படியே நின்றது. ஆறிய பிறகு லென்ஸில் பார்த்தேன். துளை சுத்தமாக இருந்தது.

வெளிச்சத்தை அளக்க ஜெர்மன் வேதியியலாளர் பன்சன் காட்டிய எண்ணெய்ப் பொட்டு வழியை எடுத்துக்கொண்டேன். வெள்ளைத் தாளில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு. ஒரு பக்கம் மெழுகுவத்தி, மறுபக்கம் விளக்கு. இரண்டு பக்க வெளிச்சமும் சமமானால் பொட்டு மறைந்துவிடும். மெழுகுவத்தி 30 சென்டிமீட்டரில் இருக்க, விளக்கை 105 சென்டிமீட்டருக்குத் தள்ளியபோது பொட்டு மறைந்தது. தூரம் மூன்றரை மடங்கு, வெளிச்சம் அதன் வர்க்கம், அதாவது பன்னிரண்டு மெழுகுவத்தி. பித்தளை மீன்வால், கரி பிடிக்கும் முன், ஏழுதான் காட்டியது.

சுடரின் வடிவத்தை வைத்து இப்படி ஒளி தேடிய காலம், சுடரின் மேல் மாட்டும் மேண்டில் வலை வந்ததும் முடிந்துபோனது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் அதற்குக் காப்புரிமை வாங்கி, 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவைக்கு வந்தார். அதன்பின் நீலச் சுடர் போதும், வலைதான் ஒளிரும். அந்தத் தோரியத்துக்கான மோனசைட் மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில்தான். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கி வரும் பெட்ரோமாக்ஸை நாம் கேஸ் லைட் என்று சொல்வதும் சரியான பெயர்தான், உள்ளே மண்ணெண்ணெய் ஆவியாகித்தானே எரிகிறது.

சுட்ட முனை ஒன்று மிச்சம் இருக்கிறது. அடுத்து, கல்சட்டியில் இன்னொரு துண்டு அறுத்து, நகைக்கடை வாளால் ஒரே ஒரு கீறல் போட்டு வௌவால் சிறகு பார்க்க வேண்டும். கீறலின் அகலம் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சுட்ட கல்லை வாள் அறுக்காது என்பதால் புதுத் துண்டில் கீறிவிட்டுத்தான் சுட வேண்டும். பத்தர் வைகாசி முகூர்த்த வேலை முடியட்டும் என்றிருக்கிறார்.